ஒரு லோடு நிலக்கரி

கோபக்காரர்கள் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை உண்டு. தாங்கள் கத்துவது நியாயத்துக்காகத்தான் என்று நினைப்பார்கள். நானும் நினைத்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் வேதியியல் வாத்தியாராக இருந்து அந்த நம்பிக்கையை வளர்த்தேன். (பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் ஆசிட். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.) அந்த நம்பிக்கை என் மச்சான் ஏழுமலையின் ஒரு வருஷத்து உழைப்பைத் தின்று தீர்த்த கதை இது. இதை என் வீட்டில் எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நான் சொன்னால் அவ்வளவு சிரிப்பு வராது. குற்றவாளியே சொல்வதால் இருக்கலாம்.

என் வேலையின் கடைசிப் பதினாறு வருஷங்கள் இமயமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் போயின. அங்கே ஐப்பசி வந்தால் ஜனங்கள் நிலக்கரி வாங்கி வீட்டில் குவித்துவிடுவார்கள். அறைக்கு நடுவில் ஓர் இரும்பு அடுப்பு, அதிலிருந்து கூரை வழியாக வெளியே போகும் ஒரு குழாய். அதற்குப் புகாரி என்று பெயர். நிலக்கரியைச் செங்குத்தான பாதையில் கோவேறு கழுதைகள் சுமந்துகொண்டு வரும். ஒரு கழுதை சுமப்பது ஒரு லோடு. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மூட்டை. "இந்தத் தடவை எத்தனை லோடு?" என்றுதான் அங்கே ஒருவரை ஒருவர் நலம் விசாரிப்பார்கள்.

ஓய்வு பெற்று மரக்காணத்துக்குத் திரும்பியபோது அந்தப் புகாரியையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். என் மனைவி சரோஜா அதைச் சுற்றி ஒரு தரம் நடந்து பார்த்தாள்.

"ஏங்க, இந்த ஊருக்கு ஏசி வேணும். நீங்க அடுப்பு கொணாந்திருக்கீங்க."

"உனக்குத் தெரியாது. மார்கழியில கடல்காத்து எப்படி வரும்னு பாரு."

"நான் இந்த ஊர்லயே பொறந்தவங்க. இதும் பேர்லயே புகார் இருக்குது. மூலையில வைங்க."

மூலையில் வைத்தேன். மூன்று வருஷம் அங்கேயே இருந்தது. எனக்கு உள்ளுக்குள் எரிந்துகொண்டே இருந்தது. அடுப்பு எரியவில்லை, நான் எரிந்தேன்.

எங்கள் வீடு உப்பளத்தின் ஓரத்தில் இருக்கிறது. வாசலுக்கு எதிரே மண் சாலை, அதைத் தாண்டினால் ஏழுமலையின் உப்பு மேடு. ஏழுமலை சரோஜாவின் தம்பி. உப்பளம் அவனுக்குச் சொந்தமில்லை, குத்தகை. வாரி எடுக்கும் உப்பை அந்த மேட்டில் அம்பாரமாகக் குவித்து, பனை ஓலையும் தார்ப்பாயும் போட்டு மூடி வைத்து, மழைக்காலத்தில் விலை ஏறும்போது விற்பான். அதை விற்றால்தான் பொங்கலுக்குப் பிறகு குத்தகையைப் புதுப்பிக்க முடியும். இல்லாவிட்டால் அளம் வேறு ஆளுக்குப் போய்விடும். அந்த மேட்டில் செருப்புக் காலோடு யாரும் ஏறக்கூடாது என்பது அவன் சட்டம். ஒரு தடவை என்னையே இறக்கிவிட்டிருக்கிறான். "மாமா, கோவிச்சுக்காதீங்க, செருப்பு," என்றான். நான் கோபித்துக்கொண்டேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் மார்கழியில் என் மகள் உமாவுக்குப் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. எடை கொஞ்சம் குறைவு. "கொழந்தைய கதகதப்பா வெச்சுக்குங்க," என்று முதல் நாளே ஒரு நர்ஸ் சொன்னார். ஒரு துணியில் சுற்றி வைக்கச் சொன்னார் என்று மற்றவர்கள் புரிந்துகொண்டார்கள். எனக்கு மூலையில் இருந்த புகாரி கூப்பிடுவது கேட்டது.

திண்டிவனம் ரோட்டில் செங்கல் சூளைகளுக்கு நிலக்கரி கொடுக்கும் வியாபாரி ஒருவர் இருக்கிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு போன் போட்டேன்.

"எத்தினி சார் வேணும்?"

"ஒரு லோடு."

"சூளை எங்க சார் வெச்சிருக்கீங்க?"

"சூளை இல்லை. வீட்டுக்கு."

"வூட்டுக்கு இன்னாத்துக்கு சார் நெலக்கரி?"

"குழந்தை பிறந்திருக்கு. ரூமைச் சூடா வெச்சுக்கணும்."

"கொழந்தைக்கா சார்? ஒரு லோடா?"

"ஏன், குழந்தைக்குக் குடுக்கக்கூடாதுன்னு சட்டமா?"

"அய்ய, அப்படி இல்ல சார். அரை லோடு அனுப்பட்டுமா? அதுவே ஜாஸ்தி சார்."

அரை லோடு என்றால் ஒரு மூட்டை. பென்ஷன் வாங்குகிறவன் தானே, இவனால் எவ்வளவு வாங்க முடியும் என்று இந்த ஆள் கணக்குப் போடுகிறான் என்று எனக்குத் தோன்றியது. "முழு லோடு அனுப்புய்யா. நான் பேரம் பேசுற ஆள் இல்லை. விலையையும் சொல்லாதே, பில்லோட அனுப்பு," என்றேன். அவர் விலையைச் சொல்ல இரண்டு முறை வாய் திறந்தார். இரண்டு முறையும் அடைத்தேன்.

கடைசியில் விலாசம் கேட்டார். சொன்னேன்.

"உப்பு ஏழுமலை வூட்டாண்டயா?"

"அவன் அக்கா வீட்டுக்காரன் நான்."

"அப்ப சரி சார். துட்டு அப்பறம் பாத்துக்கலாம். அவரு மொகத்துக்காக அனுப்பலாம்."

இந்தக் கடைசி வரியை நான் அன்று காதில் வாங்கவே இல்லை. இன்று அதுதான் அதிகம் கேட்கிறது.

உப்பு ஊரில் லோடு என்றால் லாரி. பத்து டன் லாரி. டீக்கடையில் "இன்னைக்கு ரெண்டு லோடு போச்சு" என்று பேசினால் இரண்டு லாரி போனது என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அதே ஊரில் பிறந்து, அதே டீக்கடையில் மூன்று வருஷமாகத் தினமும் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும் லோடு என்றால் கழுதை. அந்த நாலுகால் பிராணி மலையில் இல்லை, என் நாற்காலியில் இருந்தது என்று பிற்பாடு சரோஜா சொன்னாள்.

உமாவை வீட்டுக்கு அழைத்துவரும் நாளில் நிலக்கரியும் வந்தது. நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். டாக்டரம்மா குழந்தையைப் பார்த்துவிட்டு, "கழுத்துல வேர்க்குரு வந்திருக்கு. இவ்ளோ துணி வேணாம். காத்தோட்டமான ரூம்ல வைங்க," என்றார். உமா என்னைப் பார்த்தாள். சரோஜா என்னைப் பார்க்காமல் இருந்தாள். அதுதான் இன்னும் மோசம். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. லாரி டிரைவர்.

"சார், வந்துட்டேன். உங்க வூட்டாண்ட எடமே இல்லியே. எங்க சார் கொட்டறது?"

"எதிர்க்க மேடு இருக்கு பாரு. அங்க இறக்கிட்டுப் போ. நான் வந்து எடுத்துக்கறேன்."

"மேட்டுல உப்பு கீது சார். தெறந்து வெச்சிக்கிறாங்க."

"உப்பு உன்னைக் கடிக்குதா? ஓரமா இறக்குய்யா."

"ஓரமால்லாம் கொட்ட வராது சார், இது வந்து..."

"சொன்னதைச் செய். ஒவ்வொருத்தனுக்கும் பாடம் எடுக்கணுமா நான்?"

போனை வைத்துவிட்டேன். அவர் என்ன சொல்ல வந்தார் என்பது எனக்கு ஒன்றரை மணி நேரம் கழித்துத் தெரிந்தது. இது வந்து டிப்பர் சார். அதுதான்.

கார் மண் சாலையில் திரும்பியதும் உமாதான் முதலில் பார்த்தாள். "அப்பா, மாமாவோட உப்பு ஏன் கறுப்பா இருக்குது?"

வெள்ளை அம்பாரத்தின் மேல் ஒரு கறுப்பு மலை சாய்ந்து படுத்திருந்தது. கட்டிகள் உருண்டு மறுபக்கம் வரை போயிருந்தன. தூளைக் கடல்காற்று மிச்சமில்லாமல் தூவி முடித்திருந்தது. ஏழுமலை அன்று மத்தியானம் உப்பு ஏற்ற லாரி வருகிறது என்று காலையிலேயே ஓலையையும் தார்ப்பாயையும் எடுத்து வைத்துவிட்டு, லாரிக்கு வழி காட்ட மெயின் ரோட்டுக்குப் போயிருக்கிறான். உப்பு லாரியோடு திரும்பி வந்தவன் வெறுங்காலோடு மேட்டுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தான். உப்பு வாரும் பெண்கள் இரண்டு பேர் பக்கத்தில் நின்றார்கள்.

நான் காரிலிருந்து இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டேன்.

"எவன்டா இங்க கொட்டினது?"

"நீங்க சொன்னீங்கன்னு டிரைவர் சொன்னான் மாமா," என்றான் ஏழுமலை.

"நான் ரெண்டு மூட்டை சொன்னேன்."

"ஒரு லோடுன்னு சொன்னீங்களாம்."

"ஆமா, ஒரு லோடுதான் சொன்னேன். ரெண்டு மூட்டை."

ஏழுமலை என்னைப் பார்த்தான். அந்தப் பெண்களில் ஒருத்தி மற்றவளிடம், "இவுரு ரொம்பப் படிச்சவருன்னாங்களே," என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

அந்த வார்த்தை என் படிப்பைக் கிளப்பிவிட்டது. கரி தண்ணீரில் கரையாது, ஆகவே கழுவினால் போய்விடும். முதல் பாதி வரை வேதியியல் சரி. நான் வீட்டுக்குள் போய் மோட்டாரைப் போட்டேன். தோட்டத்துக் குழாயைச் சாலையின் குறுக்கே இழுத்துக்கொண்டு வந்து, யாரையும் கேட்காமல், அம்பாரத்தின் மேல் பீய்ச்ச ஆரம்பித்தேன். "தள்ளுங்க எல்லாரும். நின்னு வேடிக்கை பாக்காதீங்க. ஒரு வேலை செய்யத் துப்பில்லை," என்று கத்திக்கொண்டே பீய்ச்சினேன். கறுப்பு இறங்கியது. எனக்கு வெற்றி தெரிந்தது. கறுப்போடு சேர்ந்து மேடும் இறங்கியது. அது எனக்குத் தெரியவில்லை. அம்பாரத்தின் வயிற்றில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்குக் குழி விழுந்து, அதிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு ஓடை புறப்பட்டு என் செருப்பை நனைத்துக்கொண்டு போனது. (ஆமாம், செருப்போடுதான் ஏறியிருந்தேன்.)

ஏழுமலை பக்கத்தில் வந்தான். குரலை உயர்த்தவில்லை.

"மாமா. அது உப்பு மாமா."

நூறு மில்லி தண்ணீரில் முப்பத்தாறு கிராம் உப்பு கரையும் என்று ஒன்பதாம் வகுப்புக்கு ஒவ்வொரு வருஷமும் கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான். எழுதாதவர்களை முட்டி போட வைத்தவன். அந்த இடத்தில் நான் வாயை மூடியிருந்தால் இது வெறும் வேடிக்கைக் கதையாகப் போயிருக்கும். நான் சொன்னது இதுதான்:

"அது எனக்குத் தெரியாதா? திறந்து போட்டுட்டு ஊர் சுத்தப் போனது யாரு? உன் அலட்சியத்துக்கு நானா பொறுப்பு?"

ஏழுமலை என் கையிலிருந்து குழாயை வாங்கிக் கீழே வைத்தான். சாலையைக் கடந்து போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தான். காரில் குழந்தை அழ ஆரம்பித்தது. சரோஜா குழந்தையைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டி வீட்டுக்குள் போனாள். போகிற போக்கில், "அந்த அடுப்பை இப்ப பத்த வைங்க. உங்க வவுறு குளிரட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

உப்பு வாங்க வந்த ஏஜெண்ட் ஒரு கை அள்ளிப் பார்த்தார். "இன்னா ஏழுமல, உப்பையும் மெளகையும் ஒண்ணாவே குடுக்கற?" என்று சிரித்துவிட்டு வெறும் லாரியோடு போனார். கருவாடு போடுகிறவர்களைக் கேட்டோம். "கருவாடு கருவாடா இருக்கணும். கரியா இருந்தா எவன் துன்னுவான்?" என்றார்கள். கடைசியில் தோல் பதப்படுத்துகிறவர்கள் மட்டும் கிடைத்த விலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அடியில் இருந்த நல்ல உப்பைப் பிரித்தெடுக்க நாலு நாள் ஆனது. அந்த நாலு நாளும் ஏழுமலை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், கணக்கு தீர்ந்திருக்கும். அந்த வசதியை அவன் எனக்குக் கொடுக்கவில்லை.

குத்தகைக்குப் பாதிதான் தேறியது. ஆகவே அளத்திலும் பாதிதான் அவனுக்கு நின்றது. மேற்குப் பக்கம் வேறு ஆளுக்குப் போனது. என் பென்ஷன் பணத்தோடு போய் நின்றேன். "வாணாம் மாமா, உமாவுக்குச் செலவு இருக்கும்," என்று சொல்லிவிட்டான். நிலக்கரியை ஒரு சூளைக்காரர் அள்ளிக்கொண்டு போனார். ஒரு துண்டுகூடப் புகாரிக்குள் போகவில்லை. அதற்குள் இப்போது சரோஜா ஊறுகாய் ஜாடிகளை வைத்திருக்கிறாள்.

அந்த வருஷம் கூலிக்கு ஆள் வைக்க ஏழுமலையால் முடியவில்லை. தை முடிந்ததும் ஒரு நாள் விடிகாலையில் செருப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு அளத்துக்குப் போனேன். மன்னிப்பு கேட்கத்தான் போனேன். எதிரில் நின்றதும் உப்பு இழுக்கும் பலகையைத்தான் கையில் எடுத்துக்கொண்டேன். அவன் தடுக்கவில்லை. "ஓரத்துலேருந்து இழுங்க மாமா, வரப்பு ஒடஞ்சிடும்," என்றான். அந்தப் பருவம் முழுக்க இழுத்தேன். உப்பு நீர் பாதத்தில் வெடித்த இடங்களில் புகும்போது உயிர் போகும். ஒவ்வொரு தடவையும் கோபம் வரும். யார் மேல் என்று இப்போது தெரியும் என்பதால் கத்த முடியவில்லை.

எங்கள் வீட்டில் ஏழுமலை அன்று சொன்ன அந்த நாலு வார்த்தை நிலைத்துவிட்டது. நான் கரண்ட் ஆபீஸுக்குப் போன் போட்டுக் கத்தினால் சரோஜா அடுப்படியிலிருந்து, "அது உப்புங்க," என்பாள். உமா வீடியோ காலில் சொல்வாள். அவள் புருஷன் சொல்லத் துணியவில்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டு போனை வேறு பக்கம் திருப்புவான்.

போன வாரம் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு கேட்டிருந்தேன், ஒன்றுதான் கொண்டுவந்திருந்தார். "ஒரு போன்ல சொன்னதைப் புரிஞ்சிக்கத் தெரியாதா உனக்கு?" என்று வாசலில் நின்று ஆரம்பித்தேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சாலைக்கு எதிரே ஏழுமலை அம்பாரத்துக்கு ஓலை போட்டுக்கொண்டிருந்தான். முன்பு இருந்ததில் பாதி உயரம். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மாமா," என்றான். அவ்வளவுதான்.

மீதியை நானே சொல்லிக்கொண்டேன். பிறகு சிலிண்டர்காரரிடம், "நீ என்னப்பா சொல்ல வந்தே?" என்று கேட்டேன்.