சம்பந்தி சோபாவில் கேட்காத பாட்டு

பிள்ளைகளா, அம்மா கூப்பிட்டும் நான் காதில் விழாதது போல் இருந்தால், "உங்கப்பா சோபாவுல குந்திக்கினு கீறாரு" என்கிறாளே, நம் வீட்டில் சோபாவே கிடையாது. அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

யுத்தம் முடிந்த சமயம். மிலிட்டரி வண்டிகளிலிருந்து கழற்றிய உள்ளங்கை அகல ஸ்பீக்கர்கள் பழைய சாமான் கடைகளில் கிடைத்தன. ஒன்றைத் தனியாக வைத்தால் கொசு பாடுவது போலிருக்கும். எட்டாவது படித்த என் மூளை (பாதி நாள் பீச்சில்தான் படித்தேன்) நாலு கொசு சேர்ந்தால் ஒரு வித்வான் என்று முடிவு கட்டியது. இரண்டு டீத்தூள் மரப்பெட்டிகளில் ஓட்டை போட்டு, பெட்டிக்கு நான்காகப் பொருத்தினேன்.

என் தங்கைக்கு, அதாவது உங்கள் அத்தைக்கு, திருவல்லிக்கேணியில் எங்கள் தெருவிலேயே கல்யாணப் பந்தல். வாடகைக் குழாய் ஒலிபெருக்கி எதற்கு, என் பெட்டிகள் போதும் என்று அடம்பிடித்தேன். மேடைக்கு இரு பக்கமும் அவற்றை வைத்தேன். மாப்பிள்ளையின் அப்பாவுக்குத்தான் மிக நன்றாகக் கேட்க வேண்டும் என்று, கயிறு பிடித்து அளந்து, சரி நடுவில் அவருக்குச் சோபா போட்டேன்.

அவர் டிராம் ஓட்டுபவர். கண்டக்டர் அடிக்கும் மணி காதில் விழாவிட்டால் வேலை போய்விடும்.

இசைத்தட்டு சுழன்றது.

"இன்னா நைனா, பாட்டு போடலியா?" என்றார்.

"பாடிக்கினுதான் கீது மாமா."

இடது பக்கம் பார்த்தார். அவருடைய தம்பி தலையாட்டிக்கொண்டிருந்தார். வலது பக்கம் ஒருவர் தொடையில் தாளம் போட்டார். மாமா சுண்டுவிரலால் காதைக் குடைந்தார். பிறகு, பெண்கள் பக்கம் இருந்த மனைவியைக் கேட்டார்.

"ஏமே, உனுக்குக் கேக்குதா?"

"மெரினாவுக்கே கேக்குது. ஏன்யா, உனுக்குக் கேக்கலியா?"

"கெணத்துக்குள்ள யாரோ பாடுறாப்பல கீது. போச்சு. இனிமே எவன் எனுக்கு வண்டி குடுப்பான்?"

மாலையும் கழுத்துமாக உங்கள் அத்தை அழ ஆரம்பித்தாள் (மருமகள் வந்த வேளை என்று சொல்லிவிடுவார்களே).

மாமா டாக்டரைப் பார்க்க எழுந்தார். சோபாவைத் தாண்டியதும் நின்றார்.

"கேக்குது."

திரும்பி வந்து உட்கார்ந்தார். "காணோம்." மறுபடி எழுந்து நகர்ந்தார். "தோ, கேக்குது."

அதன்பின் பெரியவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்து பார்த்தார்கள். முகூர்த்தத்துக்குக்கூட அத்தனை கூட்டம் முண்டியடிக்கவில்லை. மாமாவின் மனைவி கற்பூரம் ஏற்றி, சோபாவுக்குத் திருஷ்டி சுற்றினார்.

காது பிழைத்த சந்தோஷத்தில் மாமா கூடுதலாக ஒரு ஜாங்கிரி வாங்கித் தின்றார். "நைனா, இந்தச் சோபாவை எனுக்கே குடுத்துடு. என் பொண்டாட்டி பேசுறப்ப குந்திக்கிறேன்" என்றார். அழுதுகொண்டிருந்த அத்தையே சிரித்துவிட்டாள்.

எல்லோரும் போன பிறகு பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தேன். ஒன்றில் இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றி முடுக்கியிருந்தேன். ஒரு பெட்டி காற்றைத் தள்ளியபோது மற்றது இழுத்திருக்கிறது. சரி நடுவில் இரண்டின் சத்தமும் ஒன்றையொன்று தின்றுவிட்டன.

கம்பிகளை மாற்றினேன். அதே இசைத்தட்டை வைத்துவிட்டு, காலிப் பந்தலில் அந்தச் சோபாவில் போய் உட்கார்ந்தேன். பாட்டு நேர் எதிரே வந்து நின்றது. மாமாவுக்காக வைத்த அந்தப் பாட்டை, அவருக்குப் பதிலாக, முடியும்வரை கேட்டேன்.