நீலமேகம் மோட்டார் ஜெயித்த கதை

இந்தத் தடவை பெண்டாட்டியை ஜெயித்தே தீருவது என்று பசியாவரம் நீலமேகம் முடிவு கட்டியபோது, கல்யாணமாகிப் பதினாறு வருஷம் ஆகியிருந்தது. அதுவரை யார் எத்தனை தடவை ஜெயித்தார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். பாவம், மனுஷன் அழுதுவிடுவான்.

பழவேற்காட்டில் மேடை போட்டு ஒரு பெரிய சினிமாப் பாடகர் பாட வருகிறார். பூமி சூடாகிறதாம். பாட்டைக் கேட்டு ஜனங்கள் திருந்த வேண்டுமாம்.

"எட்டு கார்ல வந்து, டீசல் ஜெனரேட்டர் போட்டு, புகை விடாதேன்னு பாடுவாரு. அதைக் கேட்டு எவன்யா திருந்துவான்?" என்றாள் கஸ்தூரி, இறாலை உரித்தபடி.

"இன்னாமே அப்டி சொல்ட்டே? மகுடிக்குப் பாம்பே ஆடுது!"

"ஆடும். ஆடி முடிச்சுட்டுக் கடிக்கும். பந்தயமா?"

"பந்தயம்! நம்ம ஊர்ல ஒரே ஒரு ஆள் திருந்தினாக்கூட, என் படகுக்கு மோட்டார் வாங்க நீ தலையாட்டணும்."

மூன்று வருஷமாக அவன் கேட்பதும், அவள் துடுப்பைக் காட்டுவதும்தான் நடக்கிறது.

"சரி. எவனும் திருந்தலைன்னா ஒரு வருஷம் சமையல் நீ."

வேறு வழியில்லாமல் நீலமேகம் தலையாட்டினான். வெந்நீரையே தீய விடுகிற கை அவனுடையது.

கச்சேரி அமர்க்களம். பாடகர் அழுதார். ஜனங்களும் அழுதார்கள். அழுத கையோடு தண்ணீர் பாக்கெட்டை உறிஞ்சிவிட்டுக் கீழே வீசினார்கள். பக்கத்து வீட்டுத் தங்கவேல் வீசியது நீலமேகத்தின் காலிலேயே விழுந்தது.

"டேய், நீயாவது திருந்தேன்டா!"

"பிரியாணி தர்றாங்களாம் மாமா. துன்னுட்டுத் திருந்தறேன்."

நீலமேகத்துக்குக் குழம்புக்கு எத்தனை உப்பு என்ற கவலை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பாடகர் மைக்கை ஜனங்கள் பக்கம் நீட்டி, "பாடு! பாடு!" என்று கத்தினார்.

ஏரிக்காரனுக்குப் பாடு என்றால் பாட்டா? எந்த இடத்தில், என்றைக்கு, யார் வலை போடுவது என்கிற முறைக்கல்லவா பேர் பாடு! உப்புக் கவலையில் இருந்தவன், முறை போய்விடுமே என்று பதறிக் கையைத் தூக்கி, "என் பாடுதான்! என் பாடுதான்!" என்று அலறினான்.

அலேக்காகத் தூக்கிக்கொண்டு போய் மேடையில் நிறுத்திவிட்டார்கள்.

"பூமிக்காக எதை விடப்போறீங்கண்ணே?" என்றார் பாடகர்.

எதிரே ஊரே உட்கார்ந்திருந்தது. முதல் வரிசையில் கஸ்தூரி. அவளைப் பார்த்ததும் நீலமேகத்தின் மூளையில் பளிச்சென்றது. அட, திருந்துகிற அந்த ஒரு ஆள் நானாகவே இருந்தால் என்ன? பாட்டில் கேட்ட ஒரே ஒரு வார்த்தைதான் ஞாபகம் இருந்தது.

"பெட்ரோலை விட்டுட்டேன்! சாகற வரைக்கும் தொடமாட்டேன்! ஏரி மேல சத்தியம்!"

விசில் பறந்தது. பாடகர் கட்டிப்பிடித்து முத்தமே கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக நீலமேகம் லுங்கியை மடித்துக் கட்டினான். "ஒரு ஆள் திருந்திட்டான். ஊரே சாட்சி. ஜெயிச்சேனா, இல்லியா?"

"ஜெயிச்சேய்யா. ஒத்துக்கறேன்."

இவ்வளவு லேசில் அவள் ஒத்துக்கொண்டது எங்கேயோ உதைத்தது. ஆனாலும் அந்தச் சந்தோஷத்தில் மண்டையில் எதுவும் ஏறவில்லை.

"அப்போ மோட்டார்?"

"தாராளமா வாங்கிக்கோ. சின்னதா, பெருசா?"

"பெருசு!"

"பெருசாவே வாங்கு. அதுல இன்னாத்தய்யா ஊத்துவே?"