வர்ஜீனியா முறைப்படி ஒரு தண்ணீர்க் குழாய்

கும்மிடிப்பூண்டியில் எங்கள் ஆணிக் கம்பெனி, தொழிலாளர் லைனுக்கு ஒரு தண்ணீர்க் குழாய் போடும் பொருட்டு, எழுபத்திரண்டாம் வருஷம் ஒரு சட்டசபையை நிறுவியது. குழாயை மட்டும் போட்டிருந்தால் இரண்டு நாளில் வேலை முடிந்திருக்கும்.

லைனில் அறுபது வீடு. தண்ணீர் ஒரு மைல் தள்ளி ஏரிக்கரைக் கிணற்றில். என் பெண்சாதி கன்னியம்மா விடிந்ததும் மூன்று நடை நடப்பாள். ஒரு நாள் பொறுக்காமல் ஆறு பெண்களைக் கூட்டிக்கொண்டு, காலிக் குடங்களோடு மேனேஜர் அறை வாசலில் நின்றாள். மேனேஜர் பர்சனல் ஆபீசர் பூவராகவனைக் கூப்பிட்டார். வந்த வினை அதுதான். அந்த மனுஷன் அமெரிக்காவைப் பற்றித் தலையணை தடிமனில் ஒரு புத்தகம் படித்திருந்தார்.

குடத்தைக் காட்டித் தண்ணீர் கேட்பது நாகரிகம் இல்லை, பிரதிநிதி மூலம் கேட்க வேண்டும் என்றார். முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் வர்ஜீனியாவில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி, தான் குடிவைத்த ஜனங்களுக்கு இப்படித்தான் சபை வைத்துக் கொடுத்ததாம்.

"சார், அங்க கொழா வந்துச்சா?" என்று கேட்டாள் கன்னியம்மா.

"அது சரித்திரத்தில் குறிப்பிடப்படவில்லை" என்றார் ஆபீசர்.

வர்ஜீனியாவில் முதல் கூட்டம் ஜூலை வெயிலில் மாதா கோயிலில் நடந்ததாம். ஆகவே நாங்களும் ஜூலையில், லைன் கோயிலில் கூடினோம். அங்கே கூட்டம் நடக்கும்போதே ஒரு உறுப்பினர் இறந்துபோனாராம். இங்கே லைன்காரர் ராஜமாணிக்கம் மயங்கி விழுந்ததோடு சரி. தெளிக்கத் தண்ணீர் இல்லாததால் முகத்தில் சோடா அடித்து எழுப்பினோம். ஆபீசர் குறிப்பேட்டில், "ஓரளவு திருப்தி" என்று எழுதிக்கொண்டார்.

பிறகு ஓட்டுரிமை. அங்கே நிலம் உள்ளவனுக்குத்தான் ஓட்டு என்று பின்னாளில் சட்டம் வந்ததாம். லைனில் எவனுக்கும் ஒரு சாண் நிலம் கிடையாது. மூன்று கூட்டம் ஆலோசித்து, சைக்கிளும் சொத்துதான் என்று தீர்மானித்தார்கள். அறுபது வீட்டில் சைக்கிள் வைத்திருந்தவர் ஒன்பது பேர். வாடகை சைக்கிள் கடை தணிகாசலத்திடம் பதினாறு சைக்கிள், எனவே பதினாறு ஓட்டு. அவரே சபைத் தலைவர். லைன் ஆட்கள் தண்ணீர் கொண்டுவர வாடகைக்கு எடுப்பது அவருடைய வண்டியைத்தான். குழாய் விஷயத்தில் அவசரம் கூடாது என்று அவர் பேசினார். பதினாறு பேர் கை தட்டியதாகக் குறிப்பில் இருக்கிறது.

அடுத்து, வர்ஜீனியாவைப் போலவே சபை இரண்டானது. மேல்சபை ஆபீசர்களுடையது, மின்விசிறிக்குக் கீழே. கீழ்சபை சைக்கிள் ஷெட்டில். தீர்மானம் மேலே போய், கீழே வந்து, மறுபடி மேலே போய், மேனேஜர் வழியாக பம்பாய் ஹெட் ஆபீசுக்குச் சென்றது. பதினோரு மாதம் கழித்து, 'குழாய் என்றால் என்ன, விளக்கவும்' என்று பதில் வந்தது. உறுப்பினர்கள் கோபப்பட்டார்கள். மேனேஜர் சபையைக் கலைத்தார். கலைந்தால் சாராயக்கடையில் கூட வேண்டும் என்பது புத்தகத்தில் இருந்ததால் ஆபீசரே வழி காட்டினார். சபை ஒருமனதாக நடத்திய கூட்டம் அது ஒன்றுதான்.

இந்த அநியாயத்தைத் தட்டிக் கேட்பதற்காகவே கன்னியம்மாவின் கம்மலைச் சைக்கிளாக மாற்றினேன். மறுதேர்தலில் உறுப்பினரும் ஆனேன். என் முதல் கூட்டம் முடிந்த மறுநாள் காலை அவள் குடத்தோடு வந்து நின்றாள்.

"கேரியர்ல வெச்சி கட்டிக்கினு போலாம், வாய்யா."

பொறுமையாக விளக்கினேன். பாரம் ஏற்றிய சைக்கிளுக்கு ஓட்டு கிடையாது. விதி பதினான்கு. அதை வழிமொழிந்தவனே நான்தான்.

"அப்ப கொழா?"

"கமிட்டில கீது."

அவள் குடத்தை இடுப்பில் வைத்து நடந்தாள். உறுப்பினர் நடந்து போவது சபைக்கு அழகில்லை. ஆகையால் பக்கத்திலேயே மெதுவாக மிதித்துக்கொண்டு போனேன்.

இப்போது சைக்கிள் இல்லாத சிலர் தங்களுக்கும் ஓட்டு வேண்டும் என்று மனு கொடுத்திருக்கிறார்கள். முதல் கையெழுத்து கன்னியம்மாவுடையது. நான் எதிர்த்துப் பேசப் போகிறேன். சொத்து இல்லாதவர்கள் கையில் ஓட்டைக் கொடுத்தால், முதல் கூட்டத்திலேயே குழாயைக் கேட்பார்கள்.