அத்தர் பாயின் ரங்கூன் கப்பல்

செங்கல்பட்டில் யார் எந்தப் புத்தகம் படிக்க வேண்டும் என்பதை, ஐம்பதுகளில் பிரம்மதேவன்கூட முடிவு செய்ததில்லை. அத்தர் பாய்தான் முடிவு செய்தார்.

அவருக்குத் தொழில் அத்தர் வியாபாரம். தகரப் பெட்டியின் மேல்தட்டில் அத்தர் சீசாக்கள். கீழ்த்தட்டில் இரவல் கொடுக்கப் புத்தகங்கள். அத்தர் கேட்டு வந்தவனையும் முகத்தை உற்றுப் பார்த்து, கையில் ஒரு புத்தகத்தைத் திணித்துத்தான் அனுப்புவார். நாம் கேட்ட புத்தகமாக மட்டும் அது இருக்காது. ஊரெல்லாம் பேசுகிற தொடர்கதையைக் கேட்டால் பாய்க்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும்.

“அத்தத்தான் ஊரே படிச்சுகினு கீதே, நான் இன்னாத்துக்கு? நாதியில்லாத புஸ்தகத்துக்குத்தான் இந்தப் பாய் வூடு தேடிகினு கீறேன்!”

எங்கள் ஆபீஸ் ஹெட்கிளார்க் நெற்றி நிறைய நாமம் போட்டவர். துப்பறியும் நாவல் கேட்டார். பாய் கொடுத்தது நபிமார்களைப் பற்றிய குழந்தைக் கதைகள்.

“பிரளயத்துல நூஹ் நபி கப்பல் வுட்ட கதை கீது சாமி. உங்க மச்சாவதாரத்துலயும் ஓடம் வருதுல்ல? படிங்க.”

ஹெட்கிளார்க் முறைத்துக்கொண்டே வாங்கிப் போனார். மறுநாள் ஃபைல்களை மூடி வைத்துவிட்டு, கப்பலில் ஏறிய மிருகங்களை எங்களுக்கு ஒவ்வொன்றாக நடித்துக் காட்டினார். சாயங்காலம் பாயிடம், “அடுத்த பாகம் இருக்கா ஓய்?” என்று அவர் கேட்டதை என் காதால் கேட்டேன்.

எனக்கு வாய்த்தது ஒரு பயண நூல். ரங்கூனுக்குக் கப்பலேறிய சமையல்காரர் ஒருவர் எழுதியது. பாதிப் புத்தகம் வாந்தி எடுக்கிறார். ஆனாலும் கீழே வைக்க முடியவில்லை. ஆபீசில் மேஜைக்கடியில் வைத்துப் படிப்பேன். யாராவது வந்தால் சட்டைக்குள் செருகிக்கொள்வேன். அங்கேதான் வந்தது வினை. பாயின் சீசா மூடி எதுவுமே சரியாக மூடாது. அந்தப் புத்தகத்தில் ரோஜா அத்தர் ஊறிப்போயிருந்தது.

அப்போது எனக்குக் கல்யாணமான புதிது. சட்டையைத் துவைக்க எடுத்த என் மனைவி அப்படியே நின்றுவிட்டாள்.

“ஏது இந்த வாசனை?”

“புஸ்தகம்.”

“எந்தப் புஸ்தகம் ரோஜாப்பூ வாசனை அடிக்கும்? காட்டுங்க பாக்கலாம்!”

காட்ட முடியவில்லை. அன்று காலைதான் திருப்பிக் கொடுத்திருந்தேன். பாய் பெட்டியோடு காஞ்சிபுரம் போய்விட்டார். அவளும் பெட்டியோடு மகாபலிபுரத்திலிருக்கும் அப்பா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள். குடித்தனமே போயிற்று என்று, பாய் வருகிறாரா என நான் தினமும் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன்.

திரும்பி வந்த பாய் விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார். “என் சீசாவா உன் வூட்டுக்குக் கொள்ளி வெச்சிது? வா தம்பி, பஸ்ஸப் புடி.”

பஸ் முழுக்க மணத்தது. மாமனார் வீட்டுக் கூடத்தில் பாய் பெட்டியைத் திறந்தார். “எம்மா தங்கச்சி, ஒவ்வொண்ணா மோந்து பாரு.”

அவள் வேண்டாவெறுப்பாக உட்கார்ந்தாள். நபிமார் கதையில் சந்தனம். மூலிகை வைத்தியத்தில் மல்லிகை. சமையல்காரரின் கப்பலை மூக்கருகே கொண்டுபோனதும், “இதேதான்!” என்றாள். அதுவரை உர்ரென்று நின்ற மாமனார், காபி போடச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.

போன உயிர் வந்தது எனக்கு. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டேன். அவளோ அசையவில்லை, முதல் பக்கத்தைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்திருந்தாள்.

“கிளம்பலாமா?”

“கப்பல் ரங்கூன் போய்ச் சேரட்டும்ங்க.”

பாய் என் தோளைத் தட்டினார். “குந்து தம்பி. நடுவுல புயலு வேற வரும்.”

மறுநாள் மத்தியானம்தான் கப்பல் கரை சேர்ந்தது. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது பாய் வாங்கிக்கொள்ளவில்லை. “அதுக்கு வூடு கெடச்சிடுச்சி, வுடு” என்றார்.

பாய் மறைந்து வெகுகாலம் ஆகிறது. புத்தகத்தில் ரோஜா வாசனையும் இப்போது இல்லை. ஆனாலும் மழை நாட்களில் என் மனைவி அதைப் பிரித்து முகர்ந்துவிட்டு, “பாய் வந்திருக்காருங்க” என்பாள். நானும் எழுந்துபோய் முகர்ந்து பார்ப்பேன்.