முன்பக்கப் பணிவுத் திட்டம்

எங்கள் வாகனத் தகுதி ஆய்வு அலுவலகத்தின் வாசலில் ஒரு வேகத்தடை இருக்கிறது. அலுவலகத்துக்குள் யாரும் வேகமாக வந்துவிடக் கூடாது என்பதற்காகக் கட்டப்பட்டது. தகுதிச் சான்றிதழ் வாங்க எந்தக் காலத்திலும் யாரும் வேகமாக வந்ததில்லை. ஆகவே வேகத்தடை சிறப்பாகப் பணியாற்றி வருவதாக ஆண்டறிக்கையில் தவறாமல் எழுதிவிடுவோம்.

நான் அங்கே இளநிலை எழுத்தர். தற்காலிகம். என்னை நிரந்தரமாக்கும் ஆணையில் பெரிய அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு அவருக்கு என்மேல் திருப்தி வர வேண்டும். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான். அப்பா ரொட்டிக்கூடத்து அடுப்பின் முன்னால் நின்று நின்றே நரைத்தவர். என் விஷயத்தில் அவருக்கு ஒரே ஓர் ஆசைதான்.

"எந்த வேலையா வேணா இருக்கட்டும்டா. உக்காந்து பாக்கற வேலையா இருந்தா போதும்."

சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்பார். "நிரந்தரம் ஆயிடுச்சா?"

"இன்னும் இல்லப்பா."

"பாத்து நடந்துக்கோ. எந்த வம்புக்கும் போகாதே."

நான் போகவில்லை. வம்புதான் அக்கா வீட்டுக்காரர் வழியாக என்னைத் தேடி வந்தது.

மாமா ஒரு பழைய கார் வாங்கியிருந்தார். ஓடுகிற கார்தான். ஆனால் அந்த வருடம் எங்கள் தெருவில் கார் ஓடினால் மட்டும் போதாது, தரையோடு தரையாக ஓட வேண்டும் என்று ஆகியிருந்தது. சக்கரத்துக்கு மேலே கை நுழைகிற இடைவெளி தெரிந்தால், அந்தக் காரின் சொந்தக்காரர் வாழ்க்கையில் இன்னும் முன்னுக்கு வரவில்லை என்று அர்த்தம்.

"பக்கத்து வீட்டு கார் அடியில எறும்பு போக முடியாது மாப்ள," என்றார் மாமா. "நம்ம கார் அடியில ஒரு நாய் குடும்பத்தோட குடியிருக்கு."

"அதுங்களாவது நிழல்ல இருக்கட்டுமே," என்றாள் அக்கா.

மாமா காரை மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். அந்த மெக்கானிக்கை எல்லோரும் சர்ஜன் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வண்டி வந்தாலும் முதலில் எதையாவது வெட்டச் சொல்வார்.

"நல்ல ஸ்பிரிங்கா நாலு போட்டா, வண்டி விலையில பாதி வந்துடும்," என்றார் சர்ஜன்.

"சுமாரான ஸ்பிரிங்?"

"கால்வாசி."

"அதுக்கும் கீழ ஒண்ணும் இல்லையா?"

சர்ஜன் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். "எதிர்ல வர்றவன் உங்க வண்டியோட எந்தப் பக்கத்தப் பாப்பான்? முன்பக்கம்தானே? அப்ப முன்னால மட்டும் ரெண்டு ஸ்பிரிங் மாத்துவோம். பின்பக்கம் பாக்கறவன் எப்படியும் உங்களுக்குப் பின்னால வர்றவன். அவனைப் பத்தி உங்களுக்கு என்ன கவலை?"

இந்த வாதத்தில் மாமாவால் ஒரு ஓட்டையும் கண்டுபிடிக்க முடியவில்லை. சாயங்காலம் கார் வீட்டுக்கு வந்தது. மூக்கைத் தரையில் வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, தொலைந்துபோன தோட்டைத் தேடுகிற மாதிரி நின்றது.

அக்கா ஏறி உட்கார்ந்து பார்த்தாள். "என்னங்க இது, உக்காந்தா வழுக்கிட்டே போறேன்? கார் வாங்கினீங்களா, சறுக்குமரம் வாங்கினீங்களா?"

"காலை நல்லா ஊனிக்கோ. பழகிடும்."

மாற்றம் செய்யப்பட்ட வாகனத்தை அலுவலகத்தில் காட்டி ஒப்புதல் பெறவேண்டும் என்பது விதி. அந்த விதியைத் தட்டச்சு செய்தவனே நான்தான். தெரியாத மாதிரி இருக்க எனக்கு வரவில்லை. மாமாவிடம் சொன்னேன். அவர், "உன்னைப் படிக்க வெச்சது தப்பு மாப்ள," என்றார். ஆனாலும் மறுநாள் காரைக் கொண்டுவந்தார்.

கார் வேகத்தடைமேல் ஏறியது, இறங்கவில்லை. வயிறு தட்டி, துலாக்கோல் மாதிரி ஆடிக்கொண்டு நின்றது. காவலாளி ஓடிவந்தார்.

"வண்டி உள்ள வந்திருக்கா, வெளிய இருக்கா? ஒண்ணு சொல்லுங்க சார். பாதி வண்டிக்கு நான் எப்படி கேட்டைச் சாத்தறது?"

உடைந்த பெஞ்சிலிருந்து இரண்டு பலகைகளைக் கொண்டுவந்து சக்கரத்தடியில் கொடுத்தேன். கார் ஒரு முனகலோடு சறுக்கி இறங்கி, நேராகப் பெரிய அதிகாரியின் ஜன்னலுக்கு முன்னால் போய், மூக்கைத் தாழ்த்தி நின்றது. அதிகாரி வெளியே வந்தார். பின்னாலேயே தலைமை எழுத்தரும் வந்தார்.

அதிகாரி காரைச் சுற்றி வந்தார். எதிரில் நின்று வெகுநேரம் பார்த்தார்.

"இது என்ன பண்ணுது?"

"குனியுதுங்க ஐயா," என்றார் தலைமை எழுத்தர்.

"யாரைப் பாத்து?"

தலைமை எழுத்தர் அனுபவசாலி. "உங்களைப் பாத்துத்தாங்க ஐயா."

அதிகாரியின் முகம் கனிந்தது. "இத்தனை வருஷ சர்வீஸ்ல எத்தனையோ வண்டி பாத்திருக்கேன். எல்லாம் வந்து நிக்கும். ஒரு வண்டிக்காவது இந்த மரியாதை தெரிஞ்சிருக்கா?"

மாமாவின் காருக்கு அங்கேயே ஒப்புதல் கிடைத்தது. அதிகாரி என் பக்கம் திரும்பி, "உன் விஷயத்தையும் சீக்கிரம் பாக்கலாம்," என்றார்.

அடுத்த வாரம் சுற்றறிக்கை வந்தது. நான்தான் தட்டச்சு செய்தேன்: 'பொதுமக்களின் ஊழியர்களாகிய நாம் பணிவுடன் நடந்துகொள்வது இன்றியமையாததாகும். எனினும், அலுவலர்கள் நேரடியாகப் பணிவதில் நடைமுறைச் சிக்கல்கள் இருப்பதால், அவர்தம் வாகனங்கள் பணிந்தால் போதுமானது என இதனால் தெரிவிக்கப்படுகிறது. ஆய்வுக்கு வரும் வாகனங்களும் இதே முன்பக்கப் பணிவைக் கடைப்பிடிக்க வேண்டும்.'

அலுவலக ஜீப்புகளின் முன்பக்கத்தைத் தாழ்த்தும் ஒப்பந்தம், மிகக் குறைந்த தொகை கேட்ட சர்ஜனுக்குப் போனது. அந்தத் தொகைக்கு ஸ்பிரிங் வராது. ஆகவே இருந்த ஸ்பிரிங்குகளையே ரம்பம் வைத்து அறுத்துவிட்டார். ஜீப்புகள் மிக நன்றாகப் பணிந்தன. திட்டத்தின் தொடக்க விழா முடிந்து வெளியே கிளம்பியபோதுதான், பலகை கொடுத்தும் அவற்றால் வேகத்தடையைத் தாண்ட முடியவில்லை என்று தெரிந்தது.

"வேகத்தடையை எடுத்துடலாமே ஐயா?" என்று கேட்டேன். கேட்டபிறகுதான் நான் தற்காலிகம் என்பது நினைவுக்கு வந்தது.

"அது சாலைத் துறையோட சொத்துப்பா," என்றார் தலைமை எழுத்தர்.

சாலைத் துறையிடம் கேட்டோம். அவர்கள் உடனே ஓர் இடிக்கும் இயந்திரத்தை அனுப்பினார்கள். அது வாசல்வரை வந்தது. ஆனால் அதற்குத் தகுதிச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் கொடுக்கலாம் என்றால் அதன் முன்பக்கம் குனியவில்லை. நாங்கள் விதிப்படி அதைத் திருப்பி அனுப்பினோம்.

ஜீப்புகள் வெளியே போகாததால் சாலையில் யாரும் யாரையும் பிடிக்கவில்லை. பிடிக்காததால் குற்றங்களின் எண்ணிக்கை பூஜ்யமானது. முன்பக்கப் பணிவால் மக்களிடையே ஏற்பட்ட ஒழுக்க மேம்பாடு என்று மேலிடம் பாராட்டியது. பிற அலுவலகங்களும் தங்கள் வண்டிகளைக் குனிய வைத்தன. பால் வண்டி குனிந்தது. தபால் வண்டி குனிந்தது. குப்பை வண்டி குனிந்ததில் பாதிக் குப்பை ஓட்டுநரின் மடிக்கு வந்தது.

குப்பை வண்டியைப் பார்த்த அன்றே எங்கள் தெருவில் நாகரிகம் மாறிவிட்டது.

"இறக்கற ஸ்டைலெல்லாம் பழசு மாப்ள," என்றார் மாமா. "இப்ப தூக்கணும். ஆனா கையில அவ்வளவா இல்ல. அதனால..."

"முன்பக்கம் மட்டுமா?" என்று அக்கா உள்ளேயிருந்து கேட்டாள்.

சர்ஜன் அதே காருக்கு முன்னால் மட்டும் உயரமான, மலிவான இரண்டு ஸ்பிரிங்குகளைப் போட்டுக்கொடுத்தார். கார் இப்போது தாடையைத் தூக்கி வானத்தைப் பார்த்தது. அக்கா ஏறி உட்கார்ந்தால் மல்லாந்து படுத்துவிடுகிறாள். "போன தடவை ரோடு மட்டும் தெரிஞ்சுது. இப்ப மேகம் மட்டும் தெரியுது," என்றாள். "உங்க புத்திக்கும் அந்த சர்ஜன் புத்திக்கும் நடுவுல இந்தக் கார் மட்டும் எப்படி நேரா நிக்கும்?"

இதுவும் மாற்றம்தான். இதற்கும் ஒப்புதல் வேண்டும். மாமா கொண்டுவந்தார்.

அன்று காலையில்தான் என் நிரந்தர ஆணை அதிகாரியின் மேசைக்குப் போயிருந்தது. வாசலில் குனிந்த வண்டிகள் வரிசையாக நின்றன. மாமாவின் கார் வேகத்தடையை ஒரே தாவலில் தாண்டி, அதே ஜன்னலுக்கு முன்னால் போய், தலையை நிமிர்த்தி நின்றது. அதிகாரி பேனாவை மூடிவிட்டு வெளியே வந்தார்.

"எவ்வளவு திமிரு பாருய்யா இதுக்கு. யார் வண்டி இது?"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை. "எங்க அக்கா வீட்டுக்காரரோடதுங்க ஐயா."

தலைமை எழுத்தர் என்னைவிட்டு ஓரடி தள்ளி நின்றுகொண்டார்.

"உன் குடும்பத்து வண்டியா? அன்னிக்கு அவ்வளவு மரியாதையா நின்னுதே, அதே வண்டியா?"

"அதேதாங்க ஐயா. கொஞ்சம் உடம்பு சரியில்ல," என்றார் மாமா.

"குனியாம சான்றிதழ் கிடையாது. உனக்கும் ஆணை கிடையாது. ரெண்டும் ஒரே சமயத்துல முடிவாகட்டும்."

அப்பாவின் கேள்வி என் காதில் கேட்டது. சர்ஜனைக் கூப்பிட நேரமில்லை. முன்னால் பாரம் வைத்துப் பார்க்கலாம் என்று தலைமை எழுத்தர் சொன்னார். மணல் மூட்டை கேட்டோம். மணல் மூட்டை தீயணைப்புக்கு மட்டுமே, தீ இல்லாமல் தர இயலாது என்றார் கிடங்குக்காரர். எல்லோரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

நான் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு பானெட்மேல் ஏறி உட்கார்ந்தேன். மலிவான ஸ்பிரிங் என்பதால் கார் உடனே தாழ்ந்தது. ஆனால் நிமிர்வு கொஞ்சம் பாக்கி இருந்தது. தலைமை எழுத்தர் உள்ளே போய் நிலுவைக் கோப்புகளை அள்ளிவந்து என் மடியில் அடுக்கினார். எங்கள் அலுவலகத்தில் நிலுவைக்குப் பஞ்சமில்லை. கார் மெல்ல மெல்ல இறங்கி, கடைசியில் அதிகாரியின் காலடியைப் பார்த்துக் குனிந்தது.

"இப்படி ஒரு ஆளு நம்ம ஆபீசுக்கு எப்பவும் வேணும்," என்றார் அதிகாரி. என் மடியிலிருந்த கோப்புகளின் மேலேயே ஆணையை வைத்துக் கையெழுத்துப் போட்டார். பதவியின் பெயரை மட்டும் திருத்தினார்: பணிவு உதவியாளர்.

அன்று சாயங்காலம் அப்பா வழக்கம்போல் கேட்டார். ஆயிடுச்சுப்பா என்றேன்.

"உக்காந்து பாக்கற வேலைதானே?"

"ஆமாப்பா. நாள் முழுக்க உக்காந்துதான்."

அப்பா நின்றபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம், சொல்லாமல் கொள்ளாமல் அலுவலகத்துக்கு வந்துவிட்டார். நான் ஒரு லாரியின் பானெட்மேல் கோப்புகளோடு உட்கார்ந்திருந்தேன். இறங்கி ஓட முடியாது. இறங்கினால் லாரி நிமிர்ந்துவிடும். அப்பா வரிசையின் ஓரமாக நின்று என்னையே பார்த்தார். பக்கத்தில் காத்திருந்த ஒருவரிடம் மெதுவாகச் சொன்னார். "நம்ம பையன்தான். டிகிரி முடிச்சவன். நிரந்தர வேலை."

அந்த மனிதர் லாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் மடியைப் பார்த்தார். சிரிக்கப்போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"குடுத்து வெச்சவர் சார் நீங்க," என்றார் அவர். "எங்க பையனும் டிகிரி முடிச்சுட்டு வீட்டுலதான் இருக்கான். இங்க வேற இடம் ஏதாவது காலி இருக்கான்னு கேட்டுச் சொல்லுங்களேன். ஆளு கொஞ்சம் ஒல்லி. ஆனா ரெண்டு மாசம் டைம் குடுத்தா தேத்திடுவோம்."