மகிழ்ச்சியில் முதலிடம்

மனிதன் நிலத்தை அளந்தான், நெல்லை அளந்தான், துணியை அளந்தான். மகிழ்ச்சியை அளந்தவன் கிள்ளானில்தான் இருந்தான். வரலாறு இதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ளும், தகவல் காப்பார் ஊருக்குப் போகும் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறது, கொஞ்சம் தாமதமாகும்.

அந்தச் சாதனையைப் புரிந்த 'கிள்ளான் வட்டார வணிகர் நல்வாழ்வு மன்ற'த்துக்கு அப்போது நான்தான் செயலாளர் என்பதைத் தன்னடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நாடே உயர்ந்துகொண்டிருந்தது. கோலாலம்பூரில் கட்டடங்கள் உயர்ந்தன. ஷா ஆலத்தில் புகைபோக்கிகள் உயர்ந்தன. எங்கள் தலைவர் நாச்சியப்பன் அவர்களின் ஜவுளிக்கடை நாலாவது மாடிக்கு உயர்ந்தது. உயரப் போனால் மனிதருக்குத் தத்துவம் வரும். தலைவருக்கும் வந்தது.

"பணம் மட்டும் போதுமா, செயலாளர்?" என்று ஒருநாள் கேட்டார்.

நான் வாடகை வீட்டில் இருப்பவன். அந்தப் பிரச்சினை எனக்கு ஏற்பட்டதில்லை. இருந்தாலும், "போதாதுங்க" என்றேன்.

"அதான் பாருங்க. ஒரு ஊரு முன்னேறிடுச்சான்னு பணத்தை வச்சு சொல்லக்கூடாது. மனசை வச்சு சொல்லணும். எல்லாரையும் உள்ளடக்கணும்."

இதற்கென்றே வெளிநாட்டில் படித்துத் திரும்பியிருந்தார் டாக்டர் ராதாகிருஷ்ணன். நாடி பிடிக்கும் டாக்டர் அல்லர். ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கிய டாக்டர். அவர் எங்களுக்கு 'நல்வாழ்வுக் குறியீடு' ஒன்றை வகுத்துத் தந்தார். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியுமா, யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள், ஆபத்து என்றால் யார் ஓடி வருவார்கள், வாழ்க்கை எப்படி இருக்கிறது என்றெல்லாம் கேள்விகள். வருமானம் பற்றி ஒன்றும் இல்லை. சாலை, தண்ணீர், விளக்கு பற்றியும் இல்லை. அவையெல்லாம் பொருள் சார்ந்தவை. எங்கள் ஆய்வில் பொருளே இருக்கக்கூடாது என்று தலைவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இல்லாமல் பார்த்துக்கொண்டோம்.

அளப்பதற்கு இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுத்தோம். ஒன்று, தலைவர் குடியிருந்த பங்களாப் பகுதி. மற்றது, காப்பார் சாலையை ஒட்டிய பாரிட் லாமா என்ற சிற்றூர், எங்கள் பேச்சில் கம்பம்.

செம்பனைத் தோட்டம் விற்கப்பட்டபோது வெளியேறிய குடும்பங்கள் பலகை வீடு போட்டுக்கொண்ட இடம்தான் பாரிட் லாமா. சாலைக்கும் கம்பத்துக்கும் நடுவே ஒரு பாரிட் ஓடியது. பெரிய வடிகாலை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். அதன்மேல் இரண்டு தென்னங்கட்டைகள், குறுக்கே சில பலகைகள். மோட்டார் சைக்கிளை இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம். கார் போகாது. அடைமழை பெய்தால் பலகைகள் மட்டும் தாமாகவே போய்விடும். ஒரு பாலம் போட்டுத் தரும்படி அவர்கள் எங்கள் மன்றத்துக்கு மனு கொடுத்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. மனு 'பரிசீலனையில்' இருந்தது. எங்கள் மன்றத்தில் அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது.

பாரிட் லாமாவில் முதல் வீடு மாரியாயியுடையது. காலையில் தொழிற்சாலை பஸ் நிற்கும் இடத்தில் தோசையும் வடையும் விற்பவர். நானும் டாக்டரும் பலகைகளின் மேல் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நடந்து போய்ச் சேர்ந்தோம்.

"வாங்க தம்பி, உக்காருங்க. மீலோ கலக்கட்டுமா?"

"வாழ்க்கை எப்படிம்மா இருக்கு?" என்று டாக்டர் தொடங்கினார்.

"நல்லா இருக்கோம் தம்பி."

"குறை ஏதாவது?"

வாசல் ஏறி வந்தவரிடம் குறை பாடுவது மாரியாயி வளர்ந்த முறையில் இல்லை. "அதெல்லாம் ஒன்னும் இல்ல. நீங்க சாப்பிட்டீங்களா?"

"ஆபத்துன்னா யாரு ஓடி வருவாங்க?"

"யாரு வரமாட்டாங்கன்னு கேளுங்க தம்பி, சொல்லிடுறேன்."

டாக்டர் எழுதிக்கொண்டே இருந்தார். எல்லா வீட்டிலும் இதே பதில், இதே மீலோ. கடைசி வீட்டில் டாக்டர் இடுப்பு வாரைத் தளர்த்திக்கொண்டு கேட்டார்.

பங்களாப் பகுதியில் பெரும்பாலும் நாய்கள்தான் பதில் சொன்னன. ஒரு வீட்டில் கதவிடுக்கு வழியாக, "இன்ஷூரன்ஸ் எல்லாம் எடுத்தாச்சு பாஸ்" என்று ஒரு குரல் வந்தது. இன்னொரு வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர் பெயரைக் கேட்டோம். "வெள்ளை பென்ஸ்" என்றார்கள்.

முடிவு வந்தது. மகிழ்ச்சியில் பாரிட் லாமா முதலிடம், அதற்கு விருதாக ஒரு கேடயம். பங்களாப் பகுதி கடைசி. துன்பப்படுகிறவர்களுக்கே முன்னுரிமை என்பது எங்கள் மன்றத்தின் உயிர்க் கொள்கை. ஆகவே பொதுநல நிதி முழுவதையும் பங்களாப் பகுதிக்கு ஒதுக்கி, அங்கே நீரூற்றோடு கூடிய ஓய்வு மண்டபம் கட்டுவது என்று செயற்குழு ஏகமனதாகத் தீர்மானித்தது.

அந்தக் கூட்டம் நடந்த அன்றே மாரியாயி தம் மருமகள் லெட்சுமியை அழைத்துக்கொண்டு, கூட்டம் நடந்த தலைவரின் கடைக்கு வந்தார். லெட்சுமி நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். தலைவர் அவர்களை உட்காரச் சொன்னார். வருகைப் பதிவேட்டில் இருவரிடமும் கையெழுத்து வாங்கினேன். 'அனைத்துத் தரப்பினரும் உள்ளடக்கப்பட்டனர்' என்று எழுத வேண்டியிருந்தது.

"முதலாளி, புள்ளைக்கு நாள் நெருங்குது. ஆம்புலன்ஸ் உள்ள வராது. பாலத்தைப் பத்திக் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தோம்" என்றார் மாரியாயி.

"அம்மா, உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. நீங்கதான் முதலிடம்."

"எதுல?"

"மகிழ்ச்சியில."

மாரியாயி மருமகளைப் பார்த்தார். "யாரு சொன்னா?"

"நீங்கதாம்மா சொன்னீங்க. நல்லா இருக்கோம்னு."

"அது வீட்டுக்கு வந்தவங்ககிட்ட சொல்றது."

"சொன்னது பதிவாயிடுச்சும்மா" என்றார் டாக்டர் பரிவோடு. "அதோட, பாலம் வந்தா கார் வரும். கார் வந்தா கேட் போடுவீங்க. கேட் போட்டா நாய் வளர்ப்பீங்க. புள்ளி சரசரன்னு எறங்கிடும்லா."

தலைவர் பெருமூச்சு விட்டார். "எங்க பக்கம் கஷ்டம் உங்களுக்குத் தெரியாதும்மா. எதிர்வீட்டு மனுஷன் செத்துப்போனதே எனக்குப் பேப்பர் பார்த்துத்தான் தெரிஞ்சுது." அவர் நடிக்கவில்லை. மாரியாயிகூட ஒரு கணம் அவருக்காக வருத்தப்பட்டதுபோல் தெரிந்தது.

பிறகு கேட்டார்: "அப்ப நாங்க சந்தோஷமா இல்லன்னா பாலம் கெடைக்குமா?"

"கொள்கை அளவில, ஆமாம்" என்றார் டாக்டர். "விருது குடுக்குறதுக்கு முன்னால இன்னொரு தடவை வந்து பார்ப்போம். அப்ப பார்க்கலாம்."

அந்த இன்னொரு தடவைக்குப் பாரிட் லாமா எப்படித் தயாரானது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. யார் யாரோடு பகை என்று கூடிப் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். பகை கிடைக்காதவர்கள் கோபித்துக்கொண்டிருக்கிறார்கள். மாரியாயிக்குப் பக்கத்து வீட்டுச் சின்னையா ஒதுக்கப்பட்டார். லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர், குரல் வளம் உள்ளவர்.

நாங்கள் போனபோது மாரியாயி கதவைப் பாதிதான் திறந்தார். உட்காரச் சொல்லவில்லை. மீலோ தராமல் இருப்பது அவருக்கு எவ்வளவு சிரமமாக இருந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது.

"பக்கத்து வீட்டுக்காரரோட பழக்கம் எப்படிம்மா?"

"அந்த ஆளு மூஞ்சியில நான் முழிக்கிறதில்ல."

"நானும் முழிக்கிறதில்ல, எழுதிக்குங்க சார்" என்றது பக்கத்து வீட்டுச் சன்னல். கொஞ்சம் பொறுத்து அதே சன்னல், "அடுப்புல என்னமோ கருகுது, போய்ப் பாரு தாயி" என்றது.

டாக்டர் குழம்பிப்போய்ப் பேனாவை மூடினார். அப்போதுதான் உள்ளே லெட்சுமி அலறினாள்.

நாளுக்கு முன்பே வலி வந்துவிட்டது. அவள் கணவன் ஷா ஆலத்தில் தொழிற்சாலை ஷிப்டில் இருந்தான். ஒரே நொடியில் அத்தனை வீட்டுக் கதவுகளும் திறந்தன. பகையாளிகள் எல்லாரும் மாரியாயி வீட்டுக்குள் இருந்தார்கள்.

"டாக்டர்தான் இங்கயே இருக்காரே" என்று ஒரு பெண் நிம்மதியோடு சொன்னாள்.

"நான் அந்த டாக்டர் இல்ல" என்றார் டாக்டர்.

"அப்ப எந்த டாக்டரு?" என்று சின்னையா கேட்டார். பதிலுக்காக அவர் காத்திருக்கவில்லை. ஒரு பிரம்பு நாற்காலியை எடுத்து வந்தார். லெட்சுமியை அதில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்கினார்கள்.

முந்தைய நாள் மழையில் பாரிட் நிறைந்து ஓடியது. நடுப்பலகை ஏற்கனவே விரிசல் கண்டிருந்தது. சின்னையாவும் இன்னும் இருவரும் தண்ணீரில் இறங்கினார்கள். மார்பளவு சேற்றுத் தண்ணீரில் நின்று, தூக்கிப் போகிறவர்களின் காலடிப் பலகைகளுக்குத் தோளால் முட்டுக்கொடுத்தார்கள். மாரியாயி மருமகளின் கைகளைப் பிடித்தபடி பின்பக்கமாகவே நடந்தார். கீழே பார்க்கவில்லை. "என்னையே பாரு, என்னையே பாரு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். நாற்காலி நடுவில் வந்தபோது பலகை முறிந்தது. நாற்காலியின் முழுப் பாரமும் சின்னையாவின் தோளில் விழுந்தது. நாற்காலி கரையேறிய பிறகுதான் அவர் தண்ணீரில் சாய்ந்தார்.

காய்கறி ஏற்றி வந்த லோரி ஒன்றை நிறுத்தி லெட்சுமியையும் சின்னையாவையும் ஏற்றி அனுப்பினோம். கிள்ளான் ஆஸ்பத்திரியில் லெட்சுமிக்குப் பெண் குழந்தை பிறந்தது. சின்னையாவுக்குத் தோள்பட்டையில் கட்டுப் போட்டார்கள். கொஞ்சம் பிசகியிருந்தால் மூன்று உயிர் போயிருக்கும்.

லோரி போன பிறகு டாக்டரைப் பார்த்தேன். கரையில் நின்றிருந்தார். கண்கள் கலங்கியிருந்தன. 'ஆபத்தில் ஓடி வருபவர்கள்' என்ற கேள்விக்கு நேராக முழுப் புள்ளி போட்டுக்கொண்டிருந்தார்.

"இந்த மாதிரி ஒத்துமைய நான் எந்த நாட்டுலயும் பார்த்ததில்ல, செயலாளர்" என்றார். "ஒரு நல்ல பாலம் இருந்திருந்தா இது வெளியிலயே தெரிஞ்சிருக்காது."

இதற்குப் பிறகு விருதைத் தடுக்க யாராலும் முடியவில்லை. விழாவுக்குப் பெரும் பிரமுகர் ஒருவர் ஒப்புக்கொண்டார். விழா கம்பத்துக்குள்ளேயே நடக்க வேண்டும் என்று தலைவர் விரும்பினார், அதுதான் எல்லாரையும் உள்ளடக்குவது. ஒரே ஒரு சிக்கல். பிரமுகரின் கார் பலகை மேல் போகாது.

விழாவன்று காலையில் கட்டுமான வேலை எடுத்துச் செய்யும் ஒரு சீனக் குத்தகையாளர் கிரேனோடு வந்தார். இரும்பு உத்தரங்களை இறக்கினார், மேலே கனத்த தகடுகளைப் பரப்பினார், இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்தார். மத்தியானத்துக்குள் பாலம் தயார். பிரமுகரின் கார் கம்பீரமாகக் கடந்து போனது. மனித மகிழ்ச்சிக்குக் கட்டுமானங்கள் தேவையில்லை என்று அவர் அருமையாகப் பேசினார். மாரியாயி கேடயத்தை வாங்கிக்கொண்டார். கார் திரும்பிப் போனது.

சாயங்காலம் பாலத்தைக் கழற்றிக்கொண்டு போக லோரி வந்தது. பாலத்தின் நடுவில் ஒரு பிரம்பு நாற்காலி போடப்பட்டிருந்தது. அதில் லெட்சுமி குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பாரிட் லாமா முழுவதும் உட்கார்ந்திருந்தது. மாரியாயி வடை சுட்டுக்கொண்டிருந்தார். தோளில் கட்டோடு சின்னையா அதை எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"தா போலே லா, போஸ்" என்று குத்தகையாளர் தலைவரிடம் கையை விரித்தார். ஆள் இருக்கும் பாலத்தைத் தூக்க முடியாதாம். பிறகு அவரும் ஒரு வடை வாங்கிக்கொண்டார்.

தலைவர் பாலத்தின் முனையில் நின்று பேசினார். "அம்மா, எழுந்திருங்க. இது வாடகைக்கு எடுத்தது."

"எங்களுக்குப் பிடிச்சிருக்கு முதலாளி."

"விழா முடிஞ்சிடுச்சும்மா."

"நாங்க போறோம்னு சொல்லலையே."

தலைவர் தம் கடைசி ஆயுதத்தை எடுத்தார். "இப்படிப் பண்ணா விருதத் திரும்ப எடுத்துக்க வேண்டியதாப் போயிடும்."

மாரியாயி எழுந்தார். கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். கேடயத்தை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். மரியாதையாகத்தான் கொடுத்தார்.

"பார்த்துத் தூக்கிட்டுப் போங்க தம்பி, கனமா இருக்கு. பாலத்து மேலயே போங்க, ஆடாது."

பாலம் அங்கேயே இருந்துவிட்டது. குத்தகையாளரின் கணக்கைத் தலைவர் வேறு வழியில்லாமல் தீர்த்தார். கேடயம் பங்களாப் பகுதிக்கு மாற்றி வழங்கப்பட்டது. வாங்கிக்கொள்ள ஒருவரும் கதவைத் திறக்காததால் ஓய்வு மண்டபத்தில் வைத்துவிட்டு வந்தோம். ஆய்வு அதன்பிறகும் சிறப்பாகத் தொடர்ந்தது. பாரிட் லாமா மட்டும் பட்டியலிலிருந்து நிரந்தரமாக நீக்கப்பட்டது. ஆண்டறிக்கையில் அதற்கான காரணத்தை நானே எழுதினேன், செயற்குழு ஒரு திருத்தமும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது:

'இப்பகுதி மக்கள், கொடுத்ததை வைத்துக்கொள்கிறார்கள்.'