நல்ல சீஸ் கிடைக்குமிடம் எர்ணாவூர்

சென்னை மாநகரத்தில் நல்ல சீஸ் எங்கே கிடைக்கும் என்ற மாபெரும் கேள்விக்குச் சாப்பாட்டு விமர்சகர்களும் நட்சத்திர ஓட்டல்களும் ஏதோ தங்களுக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்லி வந்திருக்கிறார்கள். ஆனால் ஆபீஸ் முத்திரையோடு, கோப்பு எண்ணோடு, எழுத்துமூலமாகப் பதில் பெற்ற ஒரே பேட்டை எர்ணாவூர்தான். இந்தப் பெருமையைத் தேடித் தந்தவர் பீம்ராவ். அவர் இதற்கு ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை என்பது அவருடைய அடக்கத்தைக் காட்டுகிறது.

பீம்ராவுக்கும் சீஸுக்கும் பன்னிரண்டு வருடப் பழக்கம். ஒருவரையொருவர் நேரில் பார்த்ததில்லை, அவ்வளவுதான். திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் அவருக்கு வேலை. கப்பலிலிருந்து இறங்கும் குளிர்ப்பெட்டிகளுக்குக் கரண்டு பிளக் சொருக வேண்டும். அடிக்கடி டெம்பரேச்சர் பார்த்து எழுத வேண்டும். பெட்டிக்குள் இருப்பது பிரான்ஸ் சீஸா, டென்மார்க் வெண்ணெயா என்பதைக் காகிதம்தான் சொல்லும். "நாலு டிகிரி கீது சார்" என்று பீம்ராவ் வாய் திறந்தால்தான் நுங்கம்பாக்கத்தில் நாலு பேர் நிம்மதியாக ரொட்டி கடிக்க முடியும்.

இந்த நிலையில்தான் அவர் மகள் மதிக்குச் சீஸ் தேவைப்பட்டது. கேட்டரிங் காலேஜில் கடைசி வருடம். செய்முறைத் தேர்வுக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். ஒருத்திக்கு வெங்காய சூப் வந்தது. ஒருவனுக்கு ஆம்லெட் வந்தது. மதிக்கு 'ப்ளூ சீஸ் சாஸ்' வந்தது. பொருளை அவரவரே கொண்டுவர வேண்டும். வெறுங்கையோடு வருகிறவர் வராதவராகவே கருதப்படுவார். தேறினால் ஒரு பெரிய ஓட்டலில் உடனே வேலை. தவறினால் ஒரு வருடம் வீட்டில் ரசம்.

மதி போனில் டெலிவரி ஆப்பைத் திறந்தாள்.

"நைனா, எர்ணாவூருக்கு டெலிவரி இல்லியாம்."

"ஏனாம்?"

"'விரைவில் உங்கள் பகுதிக்கு வருவோம்'னு போட்டுக்கீறான்."

"வேற அட்ரஸ் போட்டுப் பாரு."

நுங்கம்பாக்கம் என்று போட்டாள். பத்து நிமிடம் என்றது ஆப்.

"சரி, நாம பத்து நிமிஷம் நுங்கம்பாக்கத்துக்கு வூடு மாத்திகினு போவோம். சீஸு வந்தப்பறம் திரும்பிடலாம்" என்றார் பீம்ராவ்.

வீட்டை மாற்ற முடியாததால் ஆளே போனார். மீன் வாங்கும் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் நிரப்பிக்கொண்டு, விம்கோ நகரில் மெட்ரோ ஏறி, ஆயிரம் விளக்கில் இறங்கி, நுங்கம்பாக்கத்துக்கு நடந்தார். கடைக்குக் கடை என்று பெயரில்லை. 'அனுபவ மையம்' என்று எழுதியிருந்தது.

"இது கொஞ்சம் ஸ்ட்ராங் சார். பழக்கமில்லாதவங்க தாங்க மாட்டாங்க" என்று எச்சரித்து, கடைப்பெண் நீலநரம்பு ஓடிய ஒரு துண்டை நீட்டினாள். பக்கத்தில் நின்ற கனவான் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். பீம்ராவ் நெஞ்சு நிறைய மூன்று தடவை இழுத்தார்.

"நாத்தமே இல்லியேமா. டூப்ளிகேட்டா?"

அவள் உள்ளே போய் இன்னும் வீரியமான ஒன்றைக் கொண்டுவந்தாள்.

"இதுவும் சும்மாதான் கீது."

மேனேஜரே கையுறையோடு வந்தார். கடையிலேயே கொடியது எதுவோ அதை எடுத்து வைத்தார். கனவான் தெருவுக்குப் போய்விட்டார். பீம்ராவ் முகர்ந்து பார்த்து, "பரவால்ல" என்றார்.

"சார் எங்கேருந்து வர்றீங்க?" மேனேஜர் குரல் தழைந்திருந்தது.

"எர்ணாவூர்."

மேனேஜர் மரியாதையோடு தலையசைத்தார். ஸ்விட்சர்லாந்துப் பக்கம் என்று நினைத்திருக்கலாம்.

இங்கே பீம்ராவின் மூக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது விருப்ப ஓய்வு பெற்றுப் பல வருடமாகிறது. அவர் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு கம்பெனி இருக்கிறது. கம்பெனியின் புகைபோக்கி மூச்சு விடும்போது குடியிருப்பு மூச்சை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று ஓர் ஏற்பாடு. ஊர் நாறுகிறதா என்பதை பீம்ராவ் மூக்கால் அறிவதில்லை. எதிர்வீட்டு ஜஸீமாவின் மகள் ரூஹியை வைத்துத்தான் அறிவார். நாலு வயது ரூஹி இருமினால் நாற்றம். அவளுக்கு இழுப்பு வந்தால் கடும் நாற்றம். இதைவிட நுட்பமான கருவி எந்த ஆபீஸிலும் இல்லை.

மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸில் இருந்த கருவிக்கு சார்ஜ் இல்லை. கம்பெனி நாற்றத்தைப் பற்றி பீம்ராவ் முதல் கையெழுத்தும் ஜஸீமா இரண்டாம் கையெழுத்தும் போட்ட மனுவின்மேல் 'போர்க்கால அடிப்படையில்' நடவடிக்கை எடுத்து, பதினோரு மாதம் கழித்து, 'துர்நாற்ற ஆய்வுக் குழு' எர்ணாவூர் வந்தபோது இது தெரிந்தது. வரப்போகும் நாளைக் கம்பெனிக்கு முன்கூட்டியே கடிதம் போட்டுச் சொல்லியிருந்தார்கள்; சொல்லாமல் போவது பண்பாடில்லை. கம்பெனியும் பண்பாட்டோடு அன்றைக்குப் புகைபோக்கியை மௌன விரதத்தில் வைத்திருந்தது. மதியின் தேர்வுக்கு முதல் நாள் அது.

குழுத் தலைவர் கிருஷ்ணப்பன் மூக்காலேயே ஆய்வு செய்துகொண்டு மாடிப்படி ஏறினார். முதல் மாடியில் சாம்பார். இரண்டாம் மாடியில் கருவாடு. மூன்றாம் மாடியில் மதி, சீஸ் பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க ஃபிரிட்ஜைத் திறந்த நேரம். கிருஷ்ணப்பன் வாசலிலேயே நின்றுவிட்டார். உதவியாளர் வராந்தாவுக்கு ஓடினார்.

"என்னம்மா அது?"

"சீஸ் சார். நாளைக்கி எக்ஸாம்."

கிருஷ்ணப்பனின் முகத்தில் பதினோரு மாதக் கோப்பு முடியப்போகும் பரவசம் தெரிந்தது. மனுவைப் பிரித்தார். "'அழுகிய முட்டை நாற்றம். தலைவலி. மூச்சுத்திணறல்.' எல்லாம் பொருந்துது பாருங்க."

"சார், மனு குடுத்து பதினோரு மாசம் ஆவுது. சீஸு நேத்துதான் சார் வந்துது" என்றார் பீம்ராவ்.

"ரயில் வர்றதுக்கு முன்னாடி சத்தம் வருதில்லையா? அந்த மாதிரி. நாற்றம் முன்னாடி வரும், பொருள் பின்னாடி வரும்."

"பதினோரு மாசம் முன்னாடியா சார்?"

"வெளிநாட்டுச் சரக்கு இல்லையா?"

பிறகு கிருஷ்ணப்பன் கருணையோடு இரண்டு வழி காட்டினார். ஒன்று: சீஸைத் தடயமாகப் பறிமுதல் செய்து சோதனைக்கு அனுப்புவது, மூன்று மாதத்தில் திரும்பக் கிடைக்கும். இரண்டு: 'மேற்படி நாற்றத்துக்கு மேற்படி சீஸே காரணம்' என்று முதல் மனுதாரர் எழுதிக் கையெழுத்துப் போடுவது, சீஸ் வீட்டிலேயே இருக்கும், கோப்பு மூடப்படும்.

பீம்ராவின் கையில் பேனா இருந்தது. எதிரே மதி. வாசலில் ஜஸீமா, இடுப்பில் ரூஹி. அன்று ரூஹி இருமவில்லை. பதினோரு மாதத்தில் அப்படி ஒரு நாள்.

"வோணாம் நைனா. எட்த்துகினு போவட்டும். அடுத்த வருஷம் எய்திக்கிறேன்" என்றாள் மதி.

"ஆமா, அடுத்த வருஷமும் சீட்டு உனக்கு சீஸுதான் குடுக்கும், உன் மூஞ்சிக்கு" என்றாள் ஜஸீமா. பீம்ராவை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். "அண்ணே, பேசாம போடு."

"உன் கொயந்தைக்கோசரம் போட்ட மனு தங்கச்சி."

"அதனாலதான் சொல்றேன். நாளைக்கி அந்தக் கர்மம் காலேஜுக்குப் போயிரும். வாத்தியாருங்க துன்னு தீர்த்துருவாங்க. அப்பால நாத்தம் அடிச்சா யார் மேல பழி போடுவான் இந்தாளு? வகையா மாட்டிக்குவான்."

வக்கீல்களுக்கே இப்படித் தோன்றியிருக்காது. பீம்ராவ் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள், வெளியிலிருந்து வந்த தேர்வாளர் மதியின் சாஸில் ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்துக் கண்ணை மூடினார். இரண்டாவது ஸ்பூனுக்குத்தான் கண்ணைத் திறந்தார். மதி தேறினாள். காலிப் பெட்டியோடும், 'சீஸ் முழுவதும் உட்கொள்ளப்பட்டது' என்று காலேஜில் கெஞ்சி வாங்கிய சான்றிதழோடும் வீட்டுக்கு வந்தாள். பீம்ராவ் ஒரு கிலோ ஜிலேபி வாங்கி மாடி முழுக்கக் கொடுத்தார்.

ரூஹி அதில் பாதி தின்பதற்குள் இருமினாள். கம்பெனி விரதத்தை முடித்துக்கொண்டிருந்தது. சாயங்காலத்துக்குள் இழுப்பு வந்துவிட்டது. ஜஸீமா குழந்தையின் மூக்கில் மருந்துப் புகை மாஸ்க்கை வைத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பீம்ராவ் வழக்கம்போல ஒன்றும் முகரவில்லை. இழுப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

மறுநாள் இருவரும் இரண்டாவது மனுவோடு ஆபீஸுக்குப் போனார்கள். கிருஷ்ணப்பன் மேஜைமேல் காலிப் பெட்டி, அதன்மேல் சான்றிதழ்.

"சீஸு காலி சார். நாத்தம் காலி ஆவல" என்றார் பீம்ராவ்.

"இப்ப இன்னா சொல்றீங்க சார்?" என்றாள் ஜஸீமா.

கிருஷ்ணப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெட்டியைத் திறந்து பார்த்தார், மூடினார். "பரிசீலிக்கிறோம்" என்றார். ஜஸீமா படியிறங்கும்போது சிரித்துக்கொண்டே இறங்கினாள்.

இந்த முறை பதினோரு மாதம் ஆகவில்லை. நாலே நாளில் பதில் வந்தது. மதி சத்தமாகப் படித்தாள்:

"பொருள்: துர்நாற்றம், தொடர்பாக. மேற்படி சீஸ் தீர்ந்த பின்னரும் நாற்றம் நீடிப்பது, மனுதாரர் வாங்கியது மிக உயர்தரமான சீஸ் என்பதையே ஐயமின்றி நிரூபிக்கிறது. ஆகவே கோப்பு முடிக்கப்படுகிறது. இத்தகைய ஆடம்பர உணவுப் பழக்கத்தைக் குழந்தைகள் நலன் கருதிக் கைவிடுமாறு எர்ணாவூர் வாழ் மக்கள் அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

ஜஸீமா இந்தத் தடவை சிரிக்கவில்லை. "சரிண்ணே, மூணாவது மனுவுக்குப் பேப்பர் வாங்கிகினு வா" என்றாள்.

ஆகவே, நல்ல சீஸ் தேடும் பெருமக்களே, நுங்கம்பாக்கத்தில் அலைந்து ஏமாற வேண்டாம். எர்ணாவூருக்கு வாருங்கள். இங்கே கடை கிடையாது, விலை கிடையாது, ஆப் கிடையாது. ஜன்னலைச் சாத்தினாலும் வீட்டுக்குள் வந்து டெலிவரி கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். ரூஹிக்குப் பிறந்த நாளிலிருந்து தவறாமல் வருகிறது.

அவள் ஒருநாள்கூட ஆர்டர் போட்டதில்லை.